கம்பியில்லாத் தந்தி முதல் வைஃபை பெட்டி வரை

எங்கள் பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தில் ரேடியோ என்ற சொல்லைவிட தே.எஸ்.எஃப். என்ற மூன்றெழுத்துதான் அதிகம் வரும். விரித்துச் சொன்னால் ‘கம்பியில்லாத் தந்தி’. அதற்கு வழி திறந்தவர் யார் என்ற கேள்விக்கு எதுவார் பிரான்லி என்று எழுதினால்தான் மதிப்பெண். ஆங்கில வழியில் படித்த எங்கள் தெருப் பையன்கள் மார்க்கோனி என்பார்கள். பிற்பாடு அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த வங்காளி அதிகாரி ஒருவர், “இருவருமில்லை, எங்கள் ஜகதீஷ் சந்திர போஸ்” என்று அடித்துச் சொன்னார். மூன்று பக்கமும் நியாயம் உண்டு.

இந்தப் பழைய வழக்கை இப்போது கிளறுவதற்குக் காரணம் இருக்கிறது. கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் நண்பர்கள் இப்போதெல்லாம் சர்க்கரை அளவுக்கு அடுத்தபடியாகக் கேட்கும் கேள்வி இதுதான்: “வீட்டில் பின்கட்டுக்கு சிக்னல் வரவில்லை. பேரன் விளையாட்டுக்கு இது போதாது என்கிறான். எந்த ரௌட்டர் வாங்கலாம்?” எங்கள் வீட்டிலும் இதே பேச்சு ஆறு மாதம் ஓடியது. ஆன்டெனாக்களை எண்ணிப் பார்ப்பதற்கு முன், இந்தப் பெட்டி எங்கிருந்து, எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்கு விடை அதிலேயே கிடைத்துவிடும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வீட்டு நிலவரம். எங்களுடையது பழைய புதுச்சேரி வீடு. தெருத் திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், பின்கட்டு. சுவர்கள் ஒன்றரை அடிச் செங்கல், சுண்ணாம்புப் பூச்சு. ஃபைபர் இணைப்புக் கொடுத்தவர்கள் தெருவாசலை ஒட்டியே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். பேரன் இங்கே எங்களோடு தங்கி பொறியியல் படிக்கிறான். அவன் அறை பின்கட்டில். மகள் பாரிஸ் புறநகரில் இருக்கிறாள். ஞாயிறு மாலை அவளோடு படத்துடன் பேசுவது என் மனைவிக்கு வாரத்தின் பெரிய நிகழ்ச்சி.

ஒரு ஞாயிறு, மறுநாள் அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்த மகள் அங்கிருந்தே பேசினாள். படம் மூன்று முறை உறைந்தது. டாக்டர் என்ன சொன்னார் என்ற இடத்தில் குரலும் நின்றுபோனது. மனைவி அழுதுவிட்டாள். பின்கட்டிலிருந்த பேரன்மேல் கோபம் திரும்பியது: “உன் விளையாட்டு முக்கியமா, உன் அத்தை முக்கியமா?” அன்று இரவு அவன் சாப்பிடவில்லை. மறுநாள் என்னிடம் வந்து, “தாத்தா, நான் சேர்த்து வைத்த பணம் பாதி போடுகிறேன், கேமிங் ரௌட்டர் வாங்கிவிடலாம்” என்றான். இருபதாயிரத்துக்கு மேல் விலை, எட்டு ஆன்டெனா, கவிழ்த்து வைத்த சிலந்தி மாதிரி இருந்தது. மகள் நலமாகத் தேறிவிட்டாள். ஆனால் வீட்டுச் சமாதானம் ஒரு பெட்டியில் அடங்கியிருக்கிறதா என்ற கேள்வி மட்டும் மிச்சமிருந்தது.

சுவரும் அலையும்

மின்காந்த அலை உண்டு என்று 1887, 1888 ஆண்டுகளில் செய்து காட்டியவர் ஜெர்மனியின் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். 1890-ல் பாரிஸ் கத்தோலிக்கக் கல்வி நிலையத்தில் பேராசிரியராக இருந்த பிரான்லி, ஒரு கண்ணாடிக் குழாயில் இரும்புத் தூளை அடைத்து வைத்தார். சாதாரணமாக அந்தத் தூள் வழியே மின்சாரம் சரியாகப் பாயாது. சற்றுத் தள்ளி ஒரு மின்பொறி தெறித்தால் உடனே பாயும். வந்து சேர்ந்த அலையைக் காட்டிக்கொடுக்கும் கருவி இப்படிக் கிடைத்தது. அதன் திருத்திய வடிவத்தை வைத்துத்தான் மார்க்கோனி தந்தி அனுப்பினார். 1899 மார்ச்சில் இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டிக் கம்பியில்லாமல் செய்தி போனபோது, பிரான்லிக்கு மரியாதை தெரிவித்து ஒரு செய்தியையும் மார்க்கோனி அனுப்பினார். எங்கள் ஆசிரியர் அந்த இடத்தை இரண்டு முறை படிப்பார்.

போஸ் போன வழி வேறு. 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் தூரத்திலிருந்த மணியை அடிக்க வைத்து, வெடிமருந்தையும் பற்றவைத்துக் காட்டினார். அவர் பின்னர் ஆராய்ந்த அலைகள் மிகக் குறுகியவை, சில மில்லிமீட்டர் நீளம் மட்டுமே. மார்க்கோனி 1901-ல் அட்லாண்டிக்கைத் தாண்டப் பயன்படுத்தியதோ நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள அலை. நீண்ட அலை வளைந்து நெளிந்து வெகுதூரம் போகும். குறுகிய அலையில் செய்தியை அதிகம் ஏற்றலாம், ஆனால் தடை வந்தால் சீக்கிரம் ஓய்ந்துபோகும்.

நம் வீட்டு ரௌட்டரின் இரண்டு அலைவரிசைகளும் இந்தக் கணக்குக்குள்தான் வரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் ஐந்தாறு சென்டிமீட்டர். முன்னது சுவரைத் தாண்டிக் கொஞ்சம் அதிகம் போகும், வேகம் குறைவு. பின்னது வேகமானது, ஆனால் ஒன்றரை அடிச் சுவர் இரண்டைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். மழைக்காலத்தில் ஈரம் ஊறிய சுவர் இன்னும் மோசம், ஏனென்றால் தண்ணீர் இந்த அலைகளை விழுங்கும். இரும்பு பீரோ, ரசம் பூசிய நிலைக்கண்ணாடி, குளிர்சாதனப் பெட்டி ஆகியவை அலையைத் திருப்பி அடிக்கும். ரௌட்டரை அழகுக்காகத் தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் வீடுகளில் வேறு எந்த மருந்தும் தேவையில்லை, அதை வெளியே எடுத்தாலே போதும்.

உயரத்தைப் பற்றியும் ஒரு கதை உண்டு. 1889-ல் கட்டிய ஈஃபில் கோபுரத்துக்கு அனுமதி 20 ஆண்டுக்குத்தான். அதன் பிறகு அது இடிக்கப்பட்டிருக்கலாம். காப்பாற்றியது தே.எஸ்.எஃப்.தான். குஸ்தாவ் ஃபெரியே என்ற ராணுவ அதிகாரி அங்கே ஆன்டெனா கட்டி, கம்பியில்லாத் தந்திக்கு அதைவிட உயர்ந்த கம்பம் கிடைக்காது என்று நிரூபித்தார். அனுமதி நீட்டிக்கப்பட்டது. ஆக, ரௌட்டரைத் தரையிலோ மேசைக்கடியிலோ வைக்காமல், தலை உயரத்துக்கு மேலே, வீட்டின் நடுப்பகுதியில் வைப்பது நூறாண்டுக்கு மேற்பட்ட அனுபவம்.

உரிமமில்லாத ஒலிபரப்பு

என் வயதுக்காரர்களுக்கு ரேடியோ உரிமப் புத்தகம் நினைவிருக்கும். ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் பணம் கட்டி முத்திரை வாங்க வேண்டும். 1933-ஆம் ஆண்டு இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, பாட்டுக் கேட்கும் பெட்டி வைத்திருப்பதற்கே உரிமம் தேவை. எண்பதுகளில்தான் அந்த நடைமுறை ஒழிந்தது. ரௌட்டரோ கேட்கும் கருவி மட்டுமல்ல, அது ஒலிபரப்பும் கருவி. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு ஒலிபரப்பு நிலையம் யாருடைய கையெழுத்தும் இல்லாமல் எப்படி நடக்கிறது?

1947-ல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி நகரில் கூடிய சர்வதேச மாநாடு, தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென்று சில அலைவரிசைகளை ஒதுக்கியது. மைக்ரோவேவ் அடுப்பு போன்றவை இரைச்சல் போடும் இடம் அது. நல்ல செய்தித் தொடர்புக்கு உதவாத குப்பைமேடு என்றே அதை நினைத்தார்கள். 1985-ல் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம், மைக்கேல் மார்கஸ் என்ற தன் பொறியாளரின் முயற்சியால், அந்தக் குப்பைமேட்டில் உரிமமின்றிச் செய்தி அனுப்பலாம் என்று விதி செய்தது. நிபந்தனை: சக்தி குறைவாக இருக்க வேண்டும், அடுத்தவர் இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்றைய வைஃபை அந்த அரசாணையின் பிள்ளை. ஒரு குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி. உலகை மாற்றியது கண்டுபிடிப்பு மட்டுமல்ல, சரியான நேரத்தில் எழுதிய ஒரு விதியும்தான்.

நம் நாட்டில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதி 2005 ஜனவரியில் உரிமத்திலிருந்து விடுவிக்கப்பட்டது. அதே மாதத்தில்தான் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் பிராட்பேண்டும் தொடங்கியது. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதி 2018 அக்டோபரில் தாராளமாகத் திறக்கப்பட்டது.

இந்த வரலாற்றிலிருந்து கடைக்காரரிடம் ஏமாறாமலிருக்க ஒரு பாடம் கிடைக்கிறது. உரிமம் கிடையாது, ஆனால் சக்திக்கு வரம்பு உண்டு. இரண்டாயிரம் ரூபாய் ரௌட்டரானாலும் இருபதாயிரம் ரூபாய் ரௌட்டரானாலும் சட்டம் ஒன்றுதான். எட்டு ஆன்டெனா இருப்பதால் எட்டு மடங்கு கத்த முடியாது. அப்படியே கத்தினாலும் பயன் பாதிதான். ரௌட்டர் பேசினால் போதாது, கையிலிருக்கும் போன் திரும்பிப் பேச வேண்டும். போனின் குரல் சன்னமானது. கோயில் ஒலிபெருக்கி நமக்குக் கேட்கும், நாம் இங்கிருந்து கூப்பிட்டால் கோயிலுக்குக் கேட்காது. சிக்னல் கோடுகள் நிறைய இருந்தும் பேச்சு அறுந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஹவாய் தீவின் பாடம்

1971-ல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் என்ற பேராசிரியர் ஒரு சிக்கலை எதிர்கொண்டார். கடலலையில் பலகை வைத்துச் சறுக்குவதில் பிரியமுள்ளவர், அதற்காகவும் அந்தத் தீவுக்குக் குடிபோனவர். பல தீவுகளில் சிதறியிருந்த கல்லூரிகள் ஹொனலுலுவிலுள்ள ஒரே கணிப்பொறியைப் பயன்படுத்த வேண்டும், இடையில் கடல். ரேடியோ மூலம் இணைத்தார். எல்லாருக்கும் ஒரே அலைவரிசை. யார் எப்போது பேசுவது என்று வரிசை கிடையாது. பேச வேண்டியவர் பேசலாம். இருவர் செய்தி மோதிக்கொண்டால், இருவரும் சற்று நேரம் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். அந்தச் ‘சற்று நேரம்’ ஆளுக்கு ஆள் குத்துமதிப்பாக மாறும். அதனால் மறுபடி மோதும் வாய்ப்பு குறையும். அலோஹாநெட் என்று பெயர். எளிமையான திட்டம், ஆனால் மோதலால் போகும் விரயம் அதிகம். பாதையின் கொள்ளளவில் சுமார் 18 சதவீதம்தான் தேறும் என்பது கணக்கு.

வைஃபை இதையே திருத்திக்கொண்டது. பேசுமுன் காதைத் தீட்டிக் கேட்கும், யாரும் பேசாவிட்டால் பேசும், மோதினால் குத்துமதிப்பாகக் காத்திருக்கும். ஆகவே வைஃபையில் காத்திருப்பு என்பது குறைபாடு அல்ல, அதன் பிறவிக்குணம். நம் வீட்டுப் போன்கள் மட்டுமல்ல, அதே சேனலிலுள்ள பக்கத்து வீட்டு ரௌட்டரும் இந்த வரிசையில் நிற்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று மிதிக்காத சேனல்கள் பொதுவாக 1, 6, 11 என்று மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது வீட்டுக்காரர்கள் இந்த மூன்று சேனல்களைப் பங்கிட்டால் என்ன ஆகும்? அங்கே சுவர் எதிரி அல்ல, கூட்டமே எதிரி. அவர்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் நல்லது, அது சுவரைத் தாண்டாததே அங்கே வசதி.

இதைப் பேரனிடம் சொன்னபோது அவன் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, பெட்டியில் நேராகக் கம்பியைச் செருகி ‘பிங்’ பார்த்தான். இங்கிருந்து ஒரு செய்தி விளையாட்டு நடக்கும் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம் அது. 28 மில்லிசெகண்ட், ஆடாமல் அசையாமல் நின்றது. அதே கணினி பின்கட்டில் வைஃபையில் 35 காட்டும், திடீரென்று 190 காட்டும், மறுபடி 40 என்று இறங்கும். “தாத்தா, நான் தோற்றதெல்லாம் இந்த 190-ல்தான்” என்றான். பையன் சாக்குச் சொல்லவில்லை என்பது எனக்கும் விளங்கியது.

மாவட்ட ஆட்சியரும் கருந்துளையும்

வைஃபை முதலில் பிறந்தது வீட்டுக்காக அல்ல, கடைக்காக. பணப்பெட்டி இயந்திரம் செய்யும் என்.சி.ஆர். நிறுவனம், கடைக்குள் இயந்திரத்தை இடம் மாற்றும்போதெல்லாம் கம்பி இழுக்கும் செலவைத் தவிர்க்க நினைத்தது. நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்தருகே அதன் பொறியாளர்கள் வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவரான விக் ஹேய்ஸ், எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதிமுறையை உருவாக்கும் குழுவுக்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கினார். 1997-ல் 802.11 என்ற பெயரில் முதல் விதிமுறை வந்தது. வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999-ல் 11 மெகாபிட் ஆனது. அந்த ஆண்டில்தான் ஆப்பிள் நிறுவனம் ஐபுக் மடிக்கணினியில் இதற்கு இடம் வைத்து விற்றது. வைஃபை என்ற பெயரும் அப்போது ஒரு விளம்பரப் பெயர் நிறுவனம் சூட்டியது. ஹைஃபை போல ஒலிக்க வேண்டுமென்று வைத்த பெயர், அதற்கு விரிவு எதுவும் முதலில் கிடையாது.

வேகம் பிறகு கூடியதற்குக் காரணமான கணக்கு என் பள்ளிப்பாடத்தில் இருந்தது. ஜோசஃப் ஃபூரியே நெப்போலியனோடு எகிப்துக்குப் போனவர். திரும்பி வந்ததும் கிரெனோபிள் நகரைத் தலைநகராகக் கொண்ட இசேர் மாவட்டத்துக்கு ஆட்சியராக நியமிக்கப்பட்டார். சதுப்பு நிலத்தை வடிப்பது, சாலை போடுவது என்று கோப்புகள் பார்த்துக்கொண்டே, உலோகத்தில் வெப்பம் பரவுவதை ஆராய்ந்து, 1822-ல் நூலாக வெளியிட்டார். எந்தச் சிக்கலான அலையையும் எளிய அலைகளின் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பது அவர் காட்டிய வழி.

ஆஸ்திரேலியாவில் அரசு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஜான் ஓசல்லிவன், வெடிக்கும் சிறு கருந்துளைகளிலிருந்து ரேடியோத் துடிப்பு வருகிறதா என்று எழுபதுகளில் தேடினார். கிடைக்கவில்லை. ஆனால் சிதறிக் கலங்கி வரும் சிக்னலை ஃபூரியே கணக்கால் தெளிய வைக்கும் பயிற்சி அவருக்குக் கிடைத்தது. வீட்டுக்குள்ளும் அதே சிக்கல். அலை நேராகவும் வரும், சுவர், பீரோ, கூரை என்று மோதிச் சற்றுத் தாமதமாகவும் வரும். எதிரொலி அதிகமுள்ள மண்டபத்தில் வேகமாகப் பேசினால் ஒன்றும் புரியாதது போல, அவையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும். செய்தியைப் பல பகுதியாகப் பிரித்துப் பல அலைகளில் மெதுவாக அனுப்பி, மறுமுனையில் கூட்டிக்கொள்ளும் முறைக்கு ஓசல்லிவன் குழுவினர் 1996-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர். பல நிறுவனங்களோடு வழக்காடி, அந்த நிலையம் 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஈட்டியது.

கடையில் வைஃபை 5, 6, 7 என்று சொல்கிறார்களே, அவை இந்தக் குடும்பத்தின் தலைமுறை எண்கள். எண் போட்டு அழைக்கும் வழக்கம் 2018-ல் வந்தது. இன்று புதிதாக வாங்குபவர் வைஃபை 6 வாங்கினால் போதும். பல கருவிகளுக்கு முறை வைத்துப் பங்கிடும் ஏற்பாடு அதில் நன்றாக இருக்கிறது. 7 என்பது 2024-ல்தான் சான்றிதழ் பெறத் தொடங்கியது. போனும் கணினியும் அதற்கேற்றவையாக இல்லாவிட்டால் அந்தப் பணம் வீண்.

விளையாட்டுக்கு வேண்டியது வேகம் அல்ல

விளையாட்டுக்கு நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பது பெரிதல்ல. விளையாடும்போது போய்வரும் செய்தி மிகச் சிறியது. வேண்டியது தாமதமின்மை. இதில் ரௌட்டரால் ஒன்றும் செய்ய முடியாத ஒரு பகுதி உண்டு. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். புதுச்சேரியிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் சுமார் 1,100 கிலோமீட்டர். போய்வர 11 மில்லிசெகண்டாவது ஆகும். பாரிஸ் சுமார் 8,000 கிலோமீட்டர், போய்வரக் குறைந்தது 80 மில்லிசெகண்ட். கடலடிக் கேபிள் சுற்றிப் போவதால் இன்னும் கூடும். பிரெஞ்சு ஆட்சிக்காலத்துக் கடிதங்கள் பாய்மரக் கப்பலில் மாதக்கணக்கில் போன தூரம் அது. ஆகவே சர்வர் இந்தியாவில் உள்ள விளையாட்டா என்று பார்ப்பது, பெட்டி மாற்றுவதைவிட முக்கியம்.

அப்படியானால் அந்த ஞாயிறு என் மகளின் படம் ஏன் உறைந்தது? பேரன் ரௌட்டரின் கணக்குப் பக்கத்தைத் திறந்து காட்டினான். அந்த நேரம் அவன் விளையாடவே இல்லை. விளையாட்டின் புதிய பதிப்பு, பத்துப் பதினைந்து ஜி.பி., தானாக இறங்கிக்கொண்டிருந்தது. அதுதான் பாதையை அடைத்திருக்கிறது.

இதற்கும் வரலாறு உண்டு. 2010-ல் ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், தன் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போதெல்லாம் மற்ற எல்லாம் நத்தையாவதைக் கவனித்தார். துருவிப் பார்த்ததில் காரணம் விநோதமானது. நினைவகம் மலிவாகிவிட்டதால், கருவி செய்வோர் செய்தியைத் தேக்கி வைக்கும் இடத்தைத் தாராளமாகக் கொடுத்துவிட்டார்கள். ஒரு செய்தியும் தொலையாது, ஆனால் எல்லாம் வரிசையில் கிடக்கும். நம் தபால் பிரிவில் ஒரே நாளில் இரண்டாயிரம் மனுக்கள் வந்து குவிந்து, ‘அவசரம்’ என்று சிவப்புச் சீட்டு ஒட்டிய ஒற்றைத் தாளும் அவற்றின் அடியில் மாட்டிக்கொண்டால் எப்படி? அதேதான். இதற்கு 2012-ல் கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் ஒரு தீர்வு வெளியிட்டார்கள். வரிசையில் தேக்கம் நீடித்தால் சிலவற்றைக் கைவிட்டு, அனுப்புபவரை மெதுவாக்கும் முறை. அதைப் பின்பற்றி, ஒவ்வொருவருக்கும் தனி வரிசை வைத்து, சின்னத் தாளை முதலில் அனுப்பும் ஏற்பாடு லினக்ஸில் சேர்ந்தது.

வீட்டு ரௌட்டருக்கு அது எப்படி வந்தது என்பதும் சுவையான விஷயம். லிங்சிஸ் நிறுவனம் 2002 கடைசியில் வெளியிட்ட நீல, கறுப்புப் பெட்டி ஒன்றுக்குள் லினக்ஸ் ஓடுவதை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிம நிபந்தனைப்படி மூலநிரலை வெளியிடச் சொல்லிக் கேட்டார்கள். 2003-ல் வெளியிட்டது. அதிலிருந்து 2004-ல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற பொதுச்சொத்து மென்பொருள் பிறந்தது. நெரிசலைத் தீர்க்கும் வரிசை முறைகள் பலவும் அங்கே சோதிக்கப்பட்டுத்தான் பரவின. ஆகவே ‘கேமிங்’ என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். வரிசை ஒழுங்கு, அதாவது க்யூ.ஓ.எஸ். அல்லது எஸ்.க்யூ.எம். வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது.

கோபுரம் விட்டுக் கோபுரம்

பின்கட்டுக்கு சிக்னல் எட்ட, நடுவில் இன்னொரு பெட்டி வைக்கலாம், ‘மெஷ்’ என்கிறார்கள். இதன் மூத்த பாட்டன் பிரான்சில் இருக்கிறார். 1794-ல் குளோத் ஷாப் என்பவர் பாரிசிலிருந்து லில் நகரம் வரை கோபுரங்கள் அமைத்தார். ஒரு கோபுரத்தின் மரக்கைகள் காட்டும் சைகையைத் தொலைநோக்கியில் பார்த்து, அடுத்த கோபுரத்தார் அப்படியே காட்ட வேண்டும். குதிரையைவிட வேகமாகச் செய்தி போனது. ஆனால் ஒவ்வொரு கோபுரத்திலும் பார்க்க ஒரு நேரம், காட்ட ஒரு நேரம். வைஃபையில் வாங்கி வைஃபையிலேயே கொடுக்கும் மலிவான ரிப்பீட்டரும் அப்படித்தான். கேட்கும்போது பேச முடியாது, வேகம் ஏறக்குறைய பாதியாகும், தாமதமும் கூடும். இரண்டு பெட்டிகளுக்கும் இடையே கம்பி இழுத்துவிட்டால் இந்தக் குறை இல்லை.

நாங்கள் கடைசியில் செய்தது இவ்வளவுதான். மத்திய விலையில், வரிசை ஒழுங்கு வசதியுள்ள வைஃபை 6 ரௌட்டர் ஒன்று வாங்கி, கூடத்தில் உயரமான பலகையில் வைத்தோம். அங்கிருந்து தாழ்வாரத்து உத்திரத்தை ஒட்டி, பிளாஸ்டிக் உறைக்குள் 30 மீட்டர் கேட்-6 கம்பி பின்கட்டு வரை போகிறது. இந்த வகைக் கம்பி 100 மீட்டர் வரை தாங்கும். மறுமுனையில் பேரனின் கணினி, அதன் பக்கத்தில் ஒரு சின்ன வைஃபை பெட்டி. ஒரு சுவரில்தான் துளை போட வேண்டியிருந்தது. வரிசை ஒழுங்கில் மொத்த வேகத்தை, நாம் பணம் கட்டும் வேகத்தில் 90 சதவீதமாகக் குறைத்து வைத்தான். நெரிசல் வெளியே எங்கோ உண்டாகாமல் நம் பெட்டியிலேயே அடங்க வேண்டுமானால் இந்தக் குறைப்பு அவசியம். எல்லாம் சேர்த்து அந்தச் சிலந்திப் பெட்டியின் பாதி விலைகூட ஆகவில்லை. இப்போது ஞாயிறு மாலை ஆயா கூடத்தில் மகளோடு பேசுகிறாள், பேரன் பின்கட்டில் விளையாடுகிறான். இருவருக்கும் குறையில்லை.

நண்பர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல வேண்டுமானால்: முதலில் இருக்கிற பெட்டியை இடம் மாற்றிப் பாருங்கள், அதற்குச் செலவில்லை. தடிமனான சுவர் வீடென்றால் ஒரு பெரிய பெட்டியைவிட, கம்பியால் இணைத்த இரண்டு சிறிய பெட்டிகள் மேல். அடுக்குமாடியென்றால் 5 கிகாஹெர்ட்ஸைப் பயன்படுத்துங்கள். நகராத கருவி எதுவானாலும், தொலைக்காட்சியோ விளையாட்டுக் கணினியோ, கம்பியில் கட்டிவிடுங்கள். கம்பியில்லாத காற்று, கையில் எடுத்துக்கொண்டு நடமாடும் போன்களுக்கு மிஞ்சட்டும். வாங்கும் முன் பேரப்பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல், பக்கத்தில் உட்கார வைத்து பிங் பார்க்கச் சொல்லுங்கள். கம்பியில் ஒரு முறை, வைஃபையில் ஒரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் தீர்க்க வேண்டிய கணக்கு. இரண்டும் ஒன்றாக இருந்தால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு, இணைப்புக் கொடுப்பவரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள்.